மாண்டார் மீளும் உலகம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சங்க இலக்கியத்தைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு நாம் வேறொரு பொருளை எடுத்துக் கொண்டோம். நம் காலனியின் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் எழுதுகோலும் பல முகப் பகடைகளுமாக இரவு வரை ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அவ்வாட்டத்தில் ஒரு சிறு பகுதியே நம் பொருள். செத்தவரை எழுப்பும் மந்திரம் ஒன்று அதில் இருக்கிறது. அம்மந்திரத்திற்கு விலை உண்டு, எல்லை உண்டு. செத்தவர் மீள வழி உண்டா, உண்டெனில் யார் மீளலாம், அதற்கு யார் என்ன தரவேண்டும் என்னும் வினாக்கள் அம்மேசையில் எழுகின்றன. இவ்வினாக்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் இதிகாசங்களும் புராணங்களும் நெடுங்காலமாக இவற்றைக் கேட்டு, விடையும் கூறி வந்திருக்கின்றன. காளத்தி மலைக்கு அணித்தாக, பொன்முகலி பாயும் நிலத்தில் வாழும் ஏர்பேட்டுத் தமிழர்களாகிய நாம் இவற்றைச் சிந்திப்பது மிகவும் பொருத்தமாகும்.

முதலில் ஆட்டம் இன்னதென்று பெரியோர்க்குச் சொல்லுவோம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். சதுரங்கத்தைப் போல இதற்குக் கட்டம் போட்ட பலகை கட்டாயம் அன்று. கூடியிருப்போருள் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக, வீரனாகவோ மந்திரவாதியாகவோ குருவாகவோ, தம்மைப் பாவித்துக் கொள்வர். “இருண்ட குகையின் வாயிலில் நிற்கிறீர்கள், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்வீர்கள்?” என்று கதை நடத்துபவர் கேட்பார். அவரவர் தம் செயலைச் சொல்லுவர். செயல் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். ஒரு கதை சில மணி நேரத்தில் முடிவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் உண்டு. நம் தெருக்கூத்தில் வேடம் கட்டுவோர் கதையை முன்னரே அறிவர். இவ்வாட்டத்தில் வேடம் கட்டுவோர்க்குக் கதையின் முடிவு தெரியாது. அஃதொன்றே பெரிய வேறுபாடு.

கதை நடத்துபவர்க்கு ஒரு தனிக் கடமை உண்டு. அவர் ஓர் உலகத்தையே படைக்க வேண்டும். அவ்வுலகில் ஆறு எங்கே ஓடுகிறது, அரசன் யார், வரி எவ்வளவு, எந்தத் தெய்வம் எவ்வூரில் குடிகொண்டுள்ளது என்பனவெல்லாம் அவர் வகுக்க வேண்டியவை. இதனை உலகு சமைத்தல் எனலாம். ஊர்களையும் அரண்மனைகளையும் படைப்பது எளிது. சாவை எப்படி அமைப்பது என்பதே அவருக்கு வரும் கடுமையான சோதனை.

ஏனெனில் அவ்வாட்டத்தின் விதிநூல் சாவுக்கு மருந்து தருகிறது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக் கொள்வோம். மாண்டு ஒரு நிமிடம் கழியுமுன் எழுப்ப வேண்டுமானால், 300 பொற்காசு பெறும் வைரம் வேண்டும். பத்து நாளுக்குள் எழுப்ப 500 பொற்காசு வைரம். ஒரு நூற்றாண்டு வரையில் மாண்டிருந்தவரை எழுப்ப 1,000 பொற்காசு வைரம். உடலே இல்லாது போயினும், இருநூறு ஆண்டு கழிந்திருப்பினும் எழுப்ப வல்ல பெருமந்திரமும் உண்டு. அதற்கு 25,000 பொற்காசு பெறும் வைரங்கள் வேண்டும். மந்திரம் முடிந்ததும் வைரம் அழிந்துவிடும். மூப்பினால் இயல்பாக இறந்தாரை அப்பெருமந்திரமும் எழுப்பாது. மாண்டவரின் உயிர் திரும்பி வர இசையவும் வேண்டும். 1978ஆம் ஆண்டில் வந்த பழைய விதிநூலோ இன்னும் கடுமையானது. எழுப்பும்போது உடல் அவ்வதிர்ச்சியைத் தாங்குமா என்று பகடை உருட்ட வேண்டும். ஒருவரை இத்தனை முறைக்கு மேல் எழுப்ப இயலாது என்னும் கணக்கும் உண்டு.

இவ்விதிகளைப் படிக்கும்போது ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. பத்து நாள் என்னும் கணக்கு நமக்கும் பழக்கமானதே. நம்மவருள் பல குடும்பங்களில் பத்தாம் நாள் காரியம் முடியும் வரை, பிரிந்த உயிர் வீட்டைச் சுற்றியே நிற்கும் என்னும் நம்பிக்கை உண்டு. விதிநூல் எழுதியோர் நம் வழக்கத்தை அறிந்து எழுதினர் என்று நாம் கூறவில்லை. போனவர் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை என்று எண்ணச் சில நாட்களேனும் மனித நெஞ்சத்திற்குத் தேவைப்படுகின்றன என்பதே இதிலிருந்து நாம் உணர்வது.

இனி, உலகு சமைப்பவரின் இடர்ப்பாட்டைக் காண்போம். ஐந்நூறு பொன் கொடுத்தால் மாண்டவர் எழுவார் என்றால், எந்த அரசனாவது செத்துக் கிடப்பானா? பட்டத்து இளவரசன் முடிசூடும் நாள் என்று வரும்? சொத்தைப் பங்கிட்டுக் கொண்ட மக்கள், தந்தை எழுந்து வந்து வாயிலில் நின்றால் என் செய்வர்? கொலைக்குத் தண்டனை என்ன? கொன்றவன் ஒரு வைரத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமா? மந்திரம் அறிந்த குருமார் அரசரினும் பெரியவர் ஆகிவிட மாட்டாரா? யாவற்றினும் மேலாக, வைரம் வாங்க வகையற்ற ஏழையின் பிள்ளை மட்டும் சுடுகாட்டிலேயே கிடக்க வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை வகுக்காத கதை நடத்துபவரின் உலகம் காகிதக் கோட்டை போலச் சரிந்துவிடும்.

இதனை நாம் வாழும் மாநிலத்தை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டெடுக்கப்படும் வரை, உலகச் சந்தைக்கு வந்த வைரத்தில் பெரும்பகுதி இந்திய மண்ணிலிருந்தே போயிற்று. அதில் பேர்பெற்றது கிருஷ்ணை ஆற்றங்கரையிலிருந்த கொல்லூர்ச் சுரங்கம். 17ஆம் நூற்றாண்டில் தாவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் அதனை நேரில் கண்டு எழுதினார். அனந்தபுரம் மாவட்டத்து வஜ்ரகரூர்ப் பக்கத்தில், மழை பெய்து மண் கழுவப்பட்ட பின் வயல்களில் குனிந்து கல் தேடும் மக்களை இன்றும் காணலாம். அவ்வுலகில் உயிர்மீட்பு மந்திரம் உண்மையாக இருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணுக. கொல்லூரைக் கைப்பற்றுவோன் சாவையே கைப்பற்றியவன் ஆவான். வஜ்ரகரூர் வயலில் ஓர் ஏழைப் பெண் ஒரு கல்லைக் கண்டெடுக்கிறாள். அவள் கணவன் மாண்டு ஒன்பது நாளாயிற்று. வாசலில் கடன் கொடுத்தவன் நிற்கிறான். வீட்டில் பசித்த பிள்ளைகள் மூவர். பொழுது விடிந்தால் பத்தாம் நாள் முடிகிறது. அவள் அந்தக் கல்லை என்ன செய்வாள்? வாளும் வேதாளமும் இல்லாத இந்தக் காட்சியைவிடக் கடுமையான காட்சி எந்த ஆட்டத்திலும் இராது. இதற்கு விடை காண முயலும் இளைஞன் விளையாட்டில் காலம் போக்குகிறான் என்று நாம் சொல்லமாட்டோம்.

இவ்விடர்ப்பாட்டை நம் முன்னோர் எங்ஙனம் தீர்த்தனர் என்பதை இனிக் காண்போம்.

பாரதத்தின் ஆதி பருவத்தில் கசன் கதை வருகிறது. தேவர்க்கும் அசுரர்க்கும் ஓயாத போர். அசுரர் குருவாகிய சுக்கிராச்சாரியார் மாண்டாரை எழுப்பும் மிருதசஞ்சீவினி வித்தை அறிந்தவர். தேவர் குருவாகிய பிரகஸ்பதி அதனை அறியார். ஆகவே அசுரர் மாண்டு மாண்டு எழுகின்றனர். தேவரோ குறைந்துகொண்டே வருகின்றனர். ஒரு தரப்பிடம் மட்டும் உயிர்மீட்பு இருந்தால் போர் எவ்வாறு மாறும் என்னும் கணக்கு இங்கே தெளிவாக அமைந்துள்ளது. தேவர்கள் பிரகஸ்பதியின் மகன் கசனை மாணாக்கனாக அனுப்புகின்றனர். அசுரர் அவனை மூன்று முறை கொல்லுகின்றனர். மூன்றாம் முறை அவன் உடலை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே குடிக்கக் கொடுத்துவிடுகின்றனர். அவனை எழுப்பினால் குருவின் வயிறு கிழியும்; எழுப்பாவிட்டால் அவன்மீது அன்பு கொண்ட மகள் தேவயானி வாழாள். வேறு வழியின்றி வயிற்றிலிருக்கும் மாணாக்கனுக்கே வித்தையைக் கற்பிக்கிறார் குரு. கசன் வயிற்றைக் கிழித்து வெளிவந்து, மாண்ட குருவை அவர் கற்பித்த வித்தையாலேயே எழுப்புகிறான். பின்னர்த் தேவயானி அவனை மணக்க விரும்புகிறாள். குருவின் வயிற்றிலிருந்து பிறந்தமையால் தான் அவளுக்கு உடன்பிறந்தான் முறை என்று கூறி அவன் மறுக்கிறான். அந்த வித்தை உனக்குப் பலியாமற் போகக் கடவது என்று அவள் சபிக்கிறாள். அவனிடமிருந்து கற்பவர்க்கே அது பலிக்கும். வித்தை தேவரிடம் சென்றது. சென்றவனுக்கோ அதனால் பயனில்லை. விலை செலுத்தப்பட்டுவிட்டது.

இராமாயணத்தில் அனுமன் மருந்து மலையைக் கொணர்ந்தபோது, அம்மருந்தின் காற்றுப் பட்டு மாண்ட வானரர் எழுந்தனர். அக்காற்று போர்க்களம் முழுவதும் வீசியிருக்குமே, அரக்கர் ஏன் எழவில்லை என்று ஒரு சிறுவன் கேட்கலாம். வான்மீகி அதற்கும் விடை வைத்திருக்கிறார். மாண்ட அரக்கரின் தொகை பகைவர்க்குத் தெரிதல் கூடாது என்று கருதிய இராவணன், அவர்கள் உடல்களை உடனுக்குடன் கடலில் எறியக் கட்டளையிட்டிருந்தான். களத்தில் உடலில்லை, ஆகவே மீட்சியுமில்லை. தன் பெருமையைக் காக்க ஓர் அரசன் செய்த ஏற்பாடு, அவன் வீரர்கள் மீண்டெழும் வழியையே அடைத்துவிட்டது. உலகு சமைக்கும் கலையில் தேர்ந்தவர் ஒரு சிறு விதியைக் கொண்டு ஓர் அரசனின் குணத்தையே காட்டிவிடுகிறார்.

நச்சுப் பொய்கைக் கரையில் தருமன் நின்ற நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தம்பியர் நால்வரும் மாண்டு கிடக்கின்றனர். இயக்கன் கேட்ட வினாக்களுக்கெல்லாம் தருமன் விடையிறுக்கிறான். ஒருவனை எழுப்புகிறேன், யாரை எழுப்பட்டும் என்கிறான் இயக்கன். வில்லுக்கு அருச்சுனனும் வலிமைக்கு வீமனும் கிடக்க, தருமன் நகுலனைக் கேட்கிறான். குந்திக்கு ஒரு மகன் தானிருக்க, மாத்திரிக்கும் ஒரு மகன் இருக்க வேண்டும் என்பது அவன் கூறிய காரணம். ஒருவனுக்கு மேல் இல்லை என்னும் எல்லை அங்கே இல்லாவிட்டால் தருமனின் நெஞ்சம் நமக்குத் தெரிந்திராது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் உயிர்மீட்பு பல இடங்களில் வருகிறது. அவற்றுள் மூன்றைக் காண்போம்; மூன்றிலும் விதி வெவ்வேறாக உள்ளது. திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகன், நாவுக்கரசர் அமுது செய்ய வாழையிலை அரியப் போய் அரவு தீண்டி இறக்கிறான். விருந்து தடைப்படக் கூடாதென்று பெற்றோர் உடலை மறைத்து வைக்கின்றனர். நாவுக்கரசர் அறிந்து பாடுகிறார். மகன் உறங்கி எழுந்தவன் போல் எழுகிறான். அப்போதும் பெற்றோர், அடியவர் அமுது செய்யக் காலம் தாழ்ந்ததே என்றுதான் வருந்தினர் என்கிறது அக்காப்பியம். மயிலாப்பூரில் சிவநேசரின் மகள் பூம்பாவை அரவு தீண்டி இறக்க, அவள் எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில் காக்கப்பட்டிருந்தன. ஞானசம்பந்தர் பாட, அவள் அக்குடத்திலிருந்து எழுந்தாள். தந்தை அவளை மணந்தருள வேண்டினார். நீர் பெற்ற மகள் இறந்துபட்டாள்; இவள் இறையருளால் மீண்டும் தோன்றியவள்; ஆதலின் அம்மொழி தகாது என்று சம்பந்தர் மறுத்தார். எழுந்தவளுக்குப் பழைய உறவு முறை மாறிவிட்டது. அவிநாசியிலோ, முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் கரையேறினான். எதிர்வீட்டில் அவனையொத்த சிறுவனுக்குப் பூணூல் மங்கலம் நடக்க, இவ்வீட்டில் தாய் அழுதுகொண்டிருந்தாள். இழந்த மகனோடு இழந்த காலமும் அவளுக்குத் திரும்பிற்று.

மேலை நாட்டுத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கிரேக்கப் பழங்கதைகளைப் பள்ளியில் படிப்பதுண்டு. அவற்றிலும் இவ்வெல்லை உண்டு. மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிலிப்பியன் மாண்டாரை எழுப்பத் தொடங்கியபோது, தேவர் கோமான் சியூசு அவனை இடியால் வீழ்த்தினான். எழுப்புபவனைத் தண்டித்து எல்லையைக் காத்தது அவ்வுலகம். நம் கதைகள் பெரும்பாலும் எழுப்புபவனைத் தண்டிக்கவில்லை. அவன் என்ன தருகிறான், யாரைத் தேர்கிறான், எழுந்தவரை எப்படி நடத்துகிறான் என்றே அவை பார்த்தன.

விலை என்னும் சொல் வரும்போது, நம் ஊருக்கு அணித்தே உள்ள காளத்தியை எங்ஙனம் மறப்பது? அங்கே நடந்தது உயிர்மீட்பு அன்று. எனினும் மீட்டலுக்கு உரிய விலையின் மிக உயர்ந்த சான்று அங்கே உண்டு. இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்ட வேடர் திண்ணனார், கண்ணுக்குக் கண்ணே மருந்தென்று தம் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார். மறு கண்ணிலும் குருதி வர, அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொண்டு, எஞ்சிய கண்ணையும் எடுக்கத் துணிந்தார். கண்ணப்பர் என்னும் பெயர் அதனால் வந்தது. ஆட்டத்து விதிநூல் வைரத்தை விலையாகக் கேட்கிறது. செல்வன் அதனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். காளத்தியில் கொடுக்கப்பட்ட விலையைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது. இளைஞர்கள் தம் ஆட்டத்தில் வைரத்திற்குப் பதிலாக என்ன விலை வைக்கலாம் என்று தேடுவராயின், ஒரு முறை அம்மலையை நோக்கினால் போதும்.

ஆட்டத்தை ஆடுவோரே இக்குறையை உணர்ந்து திருத்தம் செய்திருக்கின்றனர். மாத்யூ மெர்சர் என்னும் புகழ்பெற்ற கதை நடத்துநர் வகுத்த முறையில், வைரம் மட்டும் போதாது. மாண்டவரின் தோழர்கள் மூவர் வரையில் முன்வந்து, ஏதேனும் ஒன்றை அளிக்க வேண்டும். ஒருவர் ஒரு நினைவைச் சொல்லலாம். ஒருவர் ஒரு பொருளை வைக்கலாம். ஒருவர் திரும்பி வா என்று இறைஞ்சலாம். அதன் பின்னரே பகடை உருளும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அடுத்த முறை கடினமாகும். இதனைக் கேட்டபோது நமக்கு நினைவு வந்தது நம் ஊர்ப் பெண்களின் ஒப்பாரி. மாண்டவரைச் சுற்றி அமர்ந்து, அவர் செய்த நன்மைகளையும் சொன்ன சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, முறை சொல்லி அழைத்து, எழுந்துவரமாட்டாயா என்று கேட்பது ஒப்பாரி. அங்கே எழுப்புவதற்கு மந்திரம் இல்லை. எனினும் அழைக்கும் கடமை இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் பாரத விழாக்கள் இன்றும் நடக்கின்றன. புத்தூர், காளத்தி முதலிய ஊர்களில் திரௌபதி சமேத தருமராசர் கோயில்களில் பாரதம் படிப்பதும், இரவில் கூத்து நடப்பதும், அருச்சுனன் தவசு மரம் ஏறுவதும், துரியோதனனை மண்ணால் பெரிதாக வடித்து வதம் செய்வதும், இறுதியில் தீமிதிப்பதும் நாம் அறிந்தவையே. செஞ்சிப் பக்கத்துப் பாடுகளச் சடங்கில், மாண்டவர் போலக் கிடப்போர் பூசைக்குப் பின் எழுப்பப்படுவதுண்டு. தெலுங்கர் தமிழர் என்னும் வேறுபாடின்றி ஊரார் அவ்விழாக்களில் கூடுகின்றனர். சாவும் மீட்சியும் ஊர்ப் பொதுவாக ஆடப்படும் களங்கள் அவை. மேசையைச் சுற்றி நம் பிள்ளைகள் ஆடுவதும், அக்களத்தின் ஒரு சிறு உறவினம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் கூறியபின், இப்பொருளை நாம் எடுத்துக் கொண்டதன் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

ஊரை விட்டு வந்து வாழ்வோர்க்கு ஒரு துயரம் உண்டு. ஊரில் உள்ள பெரியவர் ஒருவர் மறைந்தார் என்று நள்ளிரவில் செய்தி வருகிறது. விடுப்புக் கேட்டு, வண்டி பிடித்து, பிள்ளைகளை எழுப்பி அழைத்துக்கொண்டு நாம் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிடுகிறது. வெறும் திண்ணையையும் ஏற்றிவைத்த விளக்கையும் கண்டு திரும்புகிறோம். ஏர்பேட்டிலிருந்து போவோர்க்கே இந்நிலை என்றால், கடல் கடந்து வாழும் தமிழர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. முகத்தைக் காணாமலே பாட்டனை இழந்த பிள்ளைக்கு அந்தச் சாவு முழுமையாக நிகழ்வதே இல்லை. அந்தப் பிள்ளைதான் பின்னொரு நாள் மேசையின் முன் அமர்ந்து, மாண்ட தோழனை எழுப்ப வழியுண்டா என்று கேட்கிறது. அது வெறும் விளையாட்டுக் கேள்வி என்று நாம் எண்ணிவிடலாகாது.

அக்கேள்விக்கு மலிவான விடை தரும் உலகம் அப்பிள்ளைக்கு நன்மை செய்யாது. நாணயத்தை எறிந்தால் பாட்டன் எழுவான் என்னும் உலகில் பாட்டனின் அருமை விளங்காது. சித்தூர்ச் சீமையில் ஊர்ப்புறங்களில் பழைய வீரக்கற்கள் பல நிற்கின்றன. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்க்கு நட்ட கற்கள் அவை. அவ்வீரர்கள் மறுநாள் எழுந்து வந்திருந்தால் அக்கற்களும் இல்லை; அவர்கள் வீரத்துக்குப் பொருளும் இல்லை. ஒருபோதும் திறவாக் கதவாகச் சாவை வைக்கும் உலகமும் உண்டு. அதுவும் உண்மையான உலகமே. நாம் வாழும் உலகம் அதுதான். ஆயினும் கதையுலகில் அக்கதவைச் சிறிதளவு திறந்துவைப்பதில் தவறில்லை. எவ்வளவு திறப்பது என்பதிலேயே படைப்பவரின் அறிவும் அன்பும் வெளிப்படும்.

அவ்வளவை மிக நுட்பமாக வகுத்தவர் வியாசர். பாரதப் போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தபின், திருதராட்டிரனும் காந்தாரியும் குந்தியும் காட்டில் தவமிருக்கின்றனர். மக்களை இழந்த துயரம் அவர்களை விட்டு நீங்கவில்லை. வியாசர் அவர்களைக் கங்கைக் கரைக்கு அழைத்துச் செல்கிறார். இரவு வந்ததும் அவர் அழைக்க, போரில் மாண்ட வீரர் அனைவரும் ஆற்று நீரிலிருந்து எழுந்து வருகின்றனர். கண்ணில்லாத் திருதராட்டிரன் அன்று மட்டும் தன் மக்களைக் காண்கிறான். கன்னனும் பாண்டவரும் பகை நீங்கித் தழுவிக்கொள்கின்றனர். தந்தையரும் மக்களும், கணவரும் மனைவியரும் அவ்விரவு முழுவதும் ஒன்றாக இருக்கின்றனர். விடியுமுன் எழுந்தவர் யாவரும் நீருக்குள் திரும்பிவிடுகின்றனர். ஓர் இரவு மட்டுமே அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

அங்கே வைரம் இல்லை. மாண்டவர் மீண்டும் வாழ்வதற்காக எழவில்லை. சொல்லாமல் விட்ட சொல்லைச் சொல்லவும், காணாமல் விட்ட முகத்தைக் காணவும் எழுந்தனர். தொலைவிலிருந்து துயரச் செய்தி கேட்டு, முடிந்தபின் போய்ச் சேர்ந்த நம்மவர் ஒவ்வொருவர்க்கும் வேண்டியது அந்த ஓரிரவே அன்றோ?

ஆகவே இளைஞர்களே, உங்கள் உலகங்களை நீங்கள் சமைக்கும்போது நாம் வேண்டுவன சில. மாண்டார் மீளலாம் என்று விதி வகுத்தால், மீளக் கூடாதவர் யார் என்பதையும் வகுத்துக்கொள்ளுங்கள். விலையைப் பொன்னால் மட்டும் வைக்காதீர்கள். ஏழைக்கும் கொடுக்கக் கூடிய விலை ஒன்று இருக்கட்டும். எழுந்தவர் பழையவரே தாமா, உறவு முறை மாறியதா, இடைப்பட்ட காலம் என்னாயிற்று என்று கேளுங்கள். உங்கள் வரைபடத்தில் அயல்நாட்டுக் கோட்டைகளோடு பொன்முகலியும் ஓடட்டும். காளத்தி மலையும் நிற்கட்டும். தவசு மரமும் பாடுகளமும் இடம்பெறட்டும். மேசையில் தமிழும் பேசுங்கள். தெலுங்கு நண்பர்கள் உடனிருந்தால் அவர்கள் கதைகளையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்னயரும் திக்கனரும் எர்ரனரும் பாரதத்தைத் தெலுங்கில் தந்தவர்கள். வில்லிபுத்தூரார் தமிழில் தந்தவர். ஒரே மேசையில் இருமொழிப் பாரதமும் சந்திக்கும் வாய்ப்பு இவ்வூர் போன்ற ஓர் ஊரில்தான் கிடைக்கும்.

பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். பகடையைக் கண்டதும் சூதென்று கடிந்து ஒதுக்காதீர்கள். ஒரு மாலைப் பொழுது அம்மேசையின் அருகில் அமர்ந்து கேளுங்கள். உங்களுக்குக் கசன் கதை தெரியும். பூம்பாவை கதை தெரியும். நகுலனை ஏன் தருமன் கேட்டான் என்பது தெரியும். பிள்ளைகள் விடை தேடித் தடுமாறும் இடத்தில், “எங்கள் கதையில் இப்படி ஒன்று உண்டு” என்று சொல்லுங்கள். ஊரில் மறைந்த பெரியவர்களைப் பற்றியும் அப்போதே சொல்லுங்கள். அவர்கள் எப்படி நடந்தார்கள், எப்படிச் சிரித்தார்கள், எந்தச் சொல்லை அடிக்கடி சொன்னார்கள் என்று சொல்லுங்கள். முகம் காணாத பேரப்பிள்ளையின் முன் அவர்கள் அந்த ஒரு மாலையேனும் எழுந்து வந்து அமர்வார்கள். மீண்டும் விடியும்; அவர்கள் போய்விடுவார்கள். எனினும் பிள்ளை அவர்களைக் கண்டிருக்கும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!